கொட்டகைச் சுவரில் பதினோரு வருசம்

புங்கவயல்,
குளத்தூர் தாலுகா,
12-2-1962

அன்புள்ள மாப்பிள்ளை நாகராசுவுக்கு,

ஊரிலிருந்து குழந்தைசாமி எழுதுகிறேன். உன் வீட்டில் யாருக்கும் ஒரு குறையும் இல்லை. உன் அப்பாவுக்கு மார்கழிப் பனியில் பிடித்த இருமல் விட்டுவிட்டது. காது மட்டும் பழையபடிதான். சுகமா என்று கேட்டால், பசு இன்னும் கன்று போடவில்லை என்கிறார். கடலை இந்த ஆண்டு சுமார். நீ அனுப்பிய மணியார்டர் வந்து சேர்ந்தது, அமராவதி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். என் வீட்டில் அழகம்மாளும் உன்னை விசாரித்து எழுதச் சொன்னாள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். நீ எழுதிய இரண்டு கடிதங்களும் ஒரே தபாலில் வந்தன. ஒன்று எனக்கு, ஒன்று அமராவதிக்கு. அவளுக்கு வருகிற கடிதத்தை வாசித்துக் காட்டுகிறவன் நான்தான் என்பது உனக்குத் தெரியும். நீ கப்பலேறிய இந்த ஒன்பது வருசமும் அப்படித்தான் நடக்கிறது. தெரிந்திருந்தும் அப்படி ஒரு கடிதத்தை எழுதினாயே, அதை என் வாயால் அல்லவா அவள் கேட்க வேண்டியிருந்தது? "பஞ்சாயத்தில் ஆம்பிளைகளுக்குச் சமமாக நாற்காலியில் உட்காருகிறாயாமே, இங்கே தோட்டத்தில் நம்மூர்க்காரன் ஒவ்வொருவனும் என்னைக் கேலி செய்கிறான், மெம்பர் பதவியை உடனே விட்டுவிடு" என்று உன் கோபத்தை என் குரலில் வாசித்துக் காட்டினேன். எனக்கு எழுதிய கடிதத்தில், ராஜினாமாவை நானே எழுதி அவளிடம் கையெழுத்து வாங்கித் தலைவரிடம் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வேறு போட்டிருக்கிறாய். பஞ்சாயத்து குமாஸ்தாவுக்கு மலாயாவிலிருந்து உத்தரவு வருவது இதுதான் முதல் தடவை.

அவள் என்ன சொன்னாள் என்று கேட்பாய். முறத்தில் கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். நான் வாசித்து முடிக்கும்வரை கை நிற்கவில்லை. முடித்ததும், "அவுக சொன்னாச் சரித்தாண்ணே. பங்குனிக் கூட்டம் மட்டும் முடிஞ்சிரட்டும். காகிதத்த இப்பவே எழுதுங்க, கையெழுத்துப் போட்டுத் தாரேன்" என்றாள். எழுதினேன். அவள் பெயரை எழுத்தெழுத்தாக, நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டாள். அந்தக் காகிதம் இப்போது என் பெட்டியில் இருக்கிறது. தேதி போடவில்லை.

பங்குனிக் கூட்டத்தில் அப்படி என்ன இருக்கிறது என்று நீ கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பொறுமையாகப் படி. ஏர் மெயில் தாளுக்குக் கொடுக்கிற காசு என்னுடையது.

பஞ்சாயத்தில் பெண் ஒருத்தி உறுப்பினராக இருக்க வேண்டும் என்று விதி வந்தபோது நம் தலைவர் ஆண்டிச்சாமி என்னைக் கூப்பிட்டு யோசனை கேட்டார். எந்தப் பெண்ணைச் சொன்னாலும் அவள் புருஷன் சண்டைக்கு வந்தான். கையெழுத்துப் போடத் தெரிந்திருக்க வேண்டும், தடுக்கிற புருஷன் பக்கத்தில் இருக்கக் கூடாது என்று பார்த்தால் ஊரில் அமராவதி ஒருத்திதான் மிஞ்சினாள். நீ அக்கரையில் இருந்ததுதான் அவளுக்குத் தகுதியாகப் போனது. வந்து உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவாள் என்று எல்லோரும் நினைத்தோம். நானும் நினைத்தேன். முதல் மூன்று கூட்டங்களில் அப்படியேதான் நடந்தது. நாற்காலியில்கூட உட்காரவில்லை, கதவோரம் நின்றாள். நாற்காலியை எடுத்துப் போட்டு உட்கார வைத்தவர் ஆண்டிச்சாமி. உன் தோட்டத்துக் கேலிக்காரர்களிடம் இதைச் சொல்.

ஐப்பசியில் பஞ்சாயத்து யூனியனிலிருந்து ஒரு தாக்கீது வந்தது. இந்த வருசம் ஏதாவது ஒரு வேலைக்குப் பாதிப் பணம் தருவார்கள், எந்த வேலை என்று பங்குனிக்குள் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டும். ஆண்டிச்சாமிக்கு ஊர் முகப்பில் ஒரு வளைவு கட்டி, அதில் டியூப் லைட் போட்டு, அங்கிருந்து கோயில் தெருவரை விளக்கை நீட்ட வேண்டும் என்று ஆசை. தப்பான ஆசை என்று சொல்ல மாட்டேன். இருட்டில் விழுந்து பல்லை உடைத்துக்கொண்டவர்கள் நம் ஊரில் உண்டு. யூனியன்காரர்கள் அசந்துபோகும்படி, பஞ்சாயத்து ஆரம்பித்த ஐம்பத்தொன்றிலிருந்து அறுபத்தொன்றுவரை எந்தெந்த வகைக்கு எவ்வளவு செலவு செய்தோம் என்று பதினோரு வருசத்தையும் வரிசையாக எழுதச் சொன்னார். எழுதிக் கூட்டத்தில் வாசித்தேன். விளக்கு நூற்றிருபது ரூபாயிலிருந்து தொள்ளாயிரம். ரோடு முந்நூறிலிருந்து அறுநூறு. நீர் வகை இருநூறிலிருந்து நானூற்று நாற்பது. எல்லாம் ஏறுமுகம்தான். உறுப்பினர்கள் கை தட்டினார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

அப்போதுதான் உன் பெண்டாட்டி முதன்முதலாக வாயைத் திறந்தாள். "அண்ணே, தண்ணிக்கு ரெட்டிப்புக்கு மேல செலவழிச்சிருக்கோம்கிறீங்க. அப்பறம் எங்க கீழத்தெருக் கெணத்துல ஏன் தண்ணி இல்ல?" என்று கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். ஆண்டிச்சாமி, "மழை இல்ல ஆத்தா, அதுக்குப் பஞ்சாயத்து என்ன செய்யும்?" என்றார். அவள் அத்தோடு விட்டாள் என்று நானும் நோட்டை மூடினேன்.

மறுநாள் காலையில் டீக்கடைக்குப் பால் ஊற்றிவிட்டு நேரே என் வீட்டுக்கு வந்து நின்றாள். நேற்று வாசித்ததை இன்னொரு தரம், வருசம் வருசமாக, மெதுவாக வாசிக்கச் சொன்னாள். நான் ரூபாயைச் சொல்லத் தொடங்கியதும் கையைக் காட்டி நிறுத்தினாள். "ரூவாயில சொல்லாதீங்கண்ணே. ஆள்கணக்குல சொல்லுங்க" என்றாள். எனக்குப் புரியவில்லை. அவளே விளக்கினாள். ஐம்பத்தொன்றில் கிணற்றில் இறங்கித் தூர் எடுக்கிற ஆளுக்கு ஒரு நாள் கூலி ஒரு ரூபாய். இப்போது இரண்டு ரூபாய். அன்றைக்கு நூறு ரூபாய்க்கு நூறு ஆள் வேலை நடந்தது, இன்றைக்கு அதே நூறு ரூபாய்க்கு ஐம்பது ஆள்தான். "ரூவா ஏறுது, வேலையும் ஏறுதா?" என்றாள்.

மாப்பிள்ளை, நீயும் நானும் ஒன்றாகத்தானே குளத்தூர்ப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தோம்? கணக்கில் நான் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவன். பதினோரு வருசமாக இந்த நோட்டுகளோடு குடித்தனம் நடத்துகிறேன். அணா போய் நயா பைசா வந்தபோது ஊருக்கே மாற்றிச் சொல்லிக் கொடுத்தவன். இந்த ஒரு கேள்வி எனக்குத் தோன்றவில்லை. எழுத்துக் கூட்டத் தெரியாத அவளுக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் உனக்குச் சொல்ல வேண்டியது. பால் கணக்குக்குச் சுவரில் சுண்ணாம்புப் புள்ளி வைப்பார்கள் அல்லவா, படிக்கு ஒரு புள்ளி என்று? அதே மாதிரி உன் மாட்டுக்கொட்டகை மண்சுவரைச் சாணி போட்டு மெழுகி, பத்து ஆள் வேலைக்கு ஒரு புள்ளி என்று வைக்க ஆரம்பித்தாள். விளக்குக்கு ஒரு வரிசை, ரோட்டுக்கு ஒரு வரிசை, பள்ளிக்கூடக் கட்டடம், சுகாதாரம், பஞ்சாயத்து ரேடியோ என்று தனித்தனி வரிசைகள். தினம் காலையில் நான் ஒரு வருசத்தை வாசிப்பேன், அந்த வருசத்துக் கூலி என்னவென்று அவள் சொல்வாள், வகுத்துச் சொல்வது என் வேலை. விரலைச் சுண்ணாம்பில் தொட்டுப் புள்ளி வைப்பது அவள் வேலை. எந்த வருசம் கூலி எவ்வளவு என்று அவளுக்கு எழுதி வைக்காமலே நினைவிருந்தது. கரையில் மண் சுமந்து கூலி வாங்கினவள் ஆயிற்றே.

ரோட்டில் ஐம்பத்தொன்றுக்கு முப்பது புள்ளி, அறுபத்தொன்றுக்கும் முப்பது புள்ளி. விளக்கு பன்னிரண்டிலிருந்து நாற்பத்தைந்து. சுகாதாரத்துக்கு வருசா வருசம் ஒற்றைப் புள்ளி. ஐம்பத்தெட்டில் மட்டும் பன்னிரண்டு. அது எந்தக் கோடை என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கீழத்தெருக் கிணறு வற்றி, எல்லோரும் கண்மாய்த் தண்ணீரை மோந்து குடித்து, வாந்திபேதியில் ஒன்பது பேர் போன கோடை. ஒன்பதில் ஒன்று உன் மகள் உண்ணாமலை. அந்த வரிசைக்கு வந்தபோது, "மறு வருசம் எத்தனண்ணே?" என்று கேட்டாள். திரும்பவும் ஒன்று என்றேன். ஏன் என்று கேட்டாள். சீக்கு போய்விட்டதல்லவா, அதனால் என்றேன். ஒரு புள்ளியை வைத்துவிட்டு அடுத்த வருசத்தை வாசிக்கச் சொன்னாள். எனக்குத்தான் சற்று நேரம் எழுத்துத் தெரியவில்லை.

கடைசியாக நீர் வகை. ஆள்கணக்கில் பார்த்தாலும் இருபதிலிருந்து இருபத்திரண்டு புள்ளி. குறையவில்லை. அவளுக்கு நம்பிக்கை வரவில்லை. "கெணத்துல எறங்குன ஆளுகள எனக்குத் தெரியும். இத்தன பேரு எறங்கல" என்றாள். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. வவுச்சர் கட்டை அவிழ்த்து ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டேன். அங்கேதான் என் வண்டவாளம் வெளியே வந்தது. முதல் வருசம் மாரியம்மன் திருவிழாத் தண்ணீர்ப் பந்தலுக்கு நாற்பது ரூபாய் ஆனது. நாற்பது ரூபாய்க்கு ஒரு தனித் தலைப்பா என்று நான்தான் அதை நீர் வகையில் சேர்த்து எழுதினேன். அதுவும் தண்ணீர்தானே என்று எண்ணினேன். பிறகு வருசா வருசம் முன் வருசத்து நோட்டைப் பார்த்து அப்படியே எழுதிவந்தேன். பந்தலில் பானகம் சேர்ந்தது, நீர்மோர் சேர்ந்தது. பெரிய அதிகாரிகள் வருகிற நாளில் புழுதி அடங்க ரோட்டில் தண்ணீர் தெளிக்கிற வண்டிக் கூலியும் அதில் வந்து உட்கார்ந்தது. போன வருச நானூற்று நாற்பதில் பந்தல் நூற்றுத் தொண்ணூறு, தெளிப்பு நூற்றைம்பது. கிணற்றுக்கு, கயிறு, கயிறு ஓடுகிற சகடை எல்லாம் சேர்த்து, நூறு ரூபாய். பந்தலைக் கழித்தால் முதல் வருசம் பதினாறு புள்ளி இருந்த இடத்தில் போன வருசம் ஐந்து புள்ளி.

ஒருவரும் ஒரு காசு தின்னவில்லை. ஒவ்வொரு செலவுக்கும் சீட்டு இருக்கிறது. ஆனால் கிணறு பதினோரு வருசமாகத் தேய்ந்துகொண்டு வந்ததை என் நோட்டு மறைத்துக்கொண்டே வந்திருக்கிறது. எழுதியது என் கை. ஐம்பத்தெட்டில் அந்தக் கிணற்றில் தூர் எடுத்திருந்தால் என்று யோசிக்க ஆரம்பித்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அவளிடம் அதைச் சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை.

பங்குனிக் கூட்டத்தில் வளைவா கிணறா என்று தீர்மானமாகும். அவள் அங்கே நின்று பேச வேண்டும். அதற்குப் பிறகும் இருக்க வேண்டும், தீர்மானம் போட்ட வேலையை நடத்திப் பார்க்க ஆள் வேண்டாமா? ஒரு வரி எழுது, மாப்பிள்ளை. "இருக்கட்டும்" என்று எழுதினால் போதும், நான் அந்தக் காகிதத்தைக் கிழித்துவிடுகிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
குழந்தைசாமி


புங்கவயல்,
2-4-1962

அன்புள்ள நாகராசுவுக்கு,

குழந்தைசாமி. உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. தபால்காரனை நான் தினமும் நிறுத்திக் கேட்பதால் அவன் இப்போது வேறு தெரு வழியாகப் போகிறான். உன் அப்பா சுகம். பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. சீம்பால் எங்கள் வீட்டுக்கும் வந்தது. தேர்தல் ஆரவாரமெல்லாம் அடங்கி ஊர் பழையபடி ஆகிவிட்டது.

கூட்டம் நடந்து முடிந்தது. எப்படி நடந்தது என்று உனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

பஞ்சாயத்து ஆபீசில் ஒன்பது உறுப்பினர்களும் கூடினார்கள். ஆண்டிச்சாமி வளைவுக்குப் படம்கூட வரைந்து கொண்டுவந்திருந்தார், மேலே இரண்டு யானைகள் வைத்து. அமராவதி எழுந்து, "பெரியப்பா, தீர்மானம் போடுறதுக்கு முன்னால எல்லாரும் எங்க கொட்டகைக்கு ஒருநட வந்துட்டுப் போங்க. எனக்கு நோட்டு எழுதத் தெரியாது. எழுதி வச்சது அங்கிட்டுத்தான் இருக்கு" என்றாள். மாட்டுக்கொட்டகையில் பஞ்சாயத்தா என்று ஒருவர் முறைத்தார். ஆண்டிச்சாமி குடையை எடுத்துக்கொண்டு முதல் ஆளாகக் கிளம்பினார். அவரை நான் பத்து வருசமாகப் படாடோபக்காரர் என்றே நினைத்திருந்தேன். அன்று அந்த எண்ணத்தை மாற்றிக்கொண்டேன்.

கன்றுக்குட்டியை ஒதுக்கிக் கட்டிவிட்டு எல்லோரும் சுவரைப் பார்த்து நின்றார்கள். அவள் ஒரு துவரங்குச்சியால் தொட்டுத் தொட்டுச் சொன்னாள். ஒரு புள்ளி என்றால் பத்து ஆள் ஒரு நாள் செய்கிற வேலை என்று சொன்னதும் படிக்காத உறுப்பினர்கள்தான் முதலில் புரிந்துகொண்டார்கள். நான் வாசித்தபோது கை தட்டிய அதே ஆட்கள் இப்போது ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஆண்டிச்சாமி ரோட்டு வரிசையை விரலால் எண்ணினார். முப்பது. மறுபடியும் கடைசி வருசத்தை எண்ணினார். முப்பது. "ரோட்டுக்கு ரெட்டிப்பாச் செஞ்சேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேனேப்பா" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு அவராகவே சிரித்துவிட்டார். அவர் சிரித்தது மற்றவர்களுக்குத் தைரியம் கொடுத்தது.

கிணற்று வரிசைக்கு வந்தபோது நான் ஓரமாக ஒதுங்கி நின்றேன். குமாஸ்தா தப்புச் செய்தான் என்று அவள் ஒரு சொல் சொன்னால் போதும், என் பிழைப்பு அன்றோடு முடிந்தது. ஒரு உறுப்பினர் என் பக்கம் திரும்பிக் குரலை உயர்த்தவும் செய்தார். அவள் குறுக்கே பேசினாள். "அண்ணன் ஒரு பைசா தப்பா எழுதல. எல்லாத்தையும் ஒரே பானையில போட்டுருச்சு, அம்புட்டுத்தான். அவிச்சுக் குடுத்தா நாமளும் பேசாமத் தின்னுக்கிட்டுத்தான இருந்தோம்?" என்றாள். அந்த வவுச்சர் கட்டையும் நானே மனமுவந்து எடுத்துக் கொடுத்ததாகச் சொன்னாள். ரோஷத்தில் எடுத்துப் போட்டதை அவள் சொல்லவில்லை. அந்த இடத்தில் உன் மனைவி காலில் விழலாம் போல எனக்கு இருந்தது. முறைக்குத் தங்கையாகப் போய்விட்டாள்.

அப்போது இன்னொருவர், கெட்ட எண்ணத்தில் கேட்டதாக நான் நினைக்கவில்லை, "ஒம் மக போனதுக்குத்தான் இம்புட்டுமா தாயி?" என்று கேட்டுவிட்டார். அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார்கள். "எம் மகளுக்கு இனிமே எந்தக் கெணத்துத் தண்ணியும் வேணாம். இருக்குற பிள்ளைகளுக்குக் கேக்குறேன்" என்றாள். பந்தலை நிறுத்தச் சொல்லவில்லை, விளக்கைக் குறைக்கச் சொல்லவில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் வரிசையில் எழுதுங்கள், இந்த வருசப் பாதிப் பணத்தைக் கிணற்றுக்குக் கேளுங்கள் என்றாள்.

ஆபீசுக்குத் திரும்பி வந்து உறுப்பினர்கள் கை தூக்கினார்கள். கிணற்றுக்கு ஆறு, வளைவுக்கு மூன்று. ஆறில் ஒரு கை ஆண்டிச்சாமியுடையது. யானைப் படத்தைச் சுருட்டி என்னிடம் கொடுத்து, பத்திரமாக வை, அடுத்த வருசம் பார்க்கலாம் என்றார்.

இத்தனையும் முடிந்து எல்லோரும் போன பிறகு அவள் என்னிடம் வந்து என்ன சொன்னாள் தெரியுமா? "கூட்டம் முடிஞ்சிருச்சுண்ணே. அந்தக் காகிதத்தத் தலைவர்கிட்டக் குடுத்துருங்க. அவுகளுக்குச் சொன்ன சொல்லு" என்றாள். எனக்கு உன்மேல் வந்த கோபத்தை இந்தத் தாளில் எழுத முடியாது. நாளைக்கு ஆகட்டும் என்றேன், மறுநாள் கேட்டபோது தலைவர் ஊரில் இல்லை என்று ஒரு பொய் சொன்னேன். ஆண்டிச்சாமியிடம் விஷயத்தைச் சொன்னபோது, "நான் ஊர்ல இல்லைன்னே சொல்லிக்கிட்டு இரு" என்றுவிட்டார். இப்போது அவர் கீழத்தெரு வழியாகப் போவதில்லை, வாய்க்கால் வரப்பில் சுற்றிக்கொண்டு போகிறார். அறுபது வயது மனிதர், போன வாரம் சகதியில் வழுக்கி விழுந்தும்விட்டார். இதற்கும் நீதான் காரணம்.

கிணற்று வேலை சித்திரையில் தொடங்குகிறது. ஒரு வரி எழுதுவதற்கு உனக்கு என்ன தடை? உனக்கு அவள் பெருமை சேர்த்திருக்கிறாள். நம்மூர்க்காரன் கேலி செய்தால் இந்தக் கடிதத்தை அவனிடம் வாசித்துக் காட்டு.

உன் நல்ல மனசை இன்னும் நம்புகிற,
குழந்தைசாமி


புங்கவயல்,
20-6-1962

நாகராசுவுக்கு,

இந்த முறை கடிதத்தில் பாதி என்னுடையது, பாதி அமராவதி சொல்லி நான் எழுதுவது. எது யாருடையது என்று உனக்கே தெரியும்படி எழுதுகிறேன்.

உன்னோடு தோட்டத்தில் வேலை செய்கிற நம்மூர்ப் பிச்சை, போன வாரம் விடுமுறையில் ஊருக்கு வந்தான். நீ பதில் எழுதாத காரணம் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அங்கே உனக்கு ஒரு வீடு இருக்கிறது, ஒரு பெண் இருக்கிறாள், மூன்று வயதில் ஒரு பையன் இருக்கிறான். மெம்பர் பதவி உன் மானத்துக்குக் குறைச்சல் என்று எழுதியவன் நீ. இதைப் பற்றி நான் இன்னும் எழுதினால் நாற்பது வருசச் சிநேகிதம் கெட்டுப்போகும். அதனால் நிறுத்திக்கொள்கிறேன்.

இதை என்னிடம் மட்டும் சொல்லியிருந்தால் நான் மூடி வைத்திருப்பேன். பிச்சை டீக்கடையில் வைத்துச் சொல்லியிருக்கிறான். அமராவதி பால் ஊற்றப் போன நேரம். அவள் காதில் விழுந்துவிட்டது என்று அழகம்மாள் ஓடி வந்து சொன்னாள். நான் வேட்டியைக் கட்டியும் கட்டாமலும் ஓடினேன். வீட்டில் இல்லை. கிணற்றடியில் நின்றாள். இறங்கிய ஆட்களை எண்ணிக்கொண்டு, மண் கூடைக்குச் சகடை சரியாகச் சுற்றவில்லை என்று ஒருவனைத் திட்டிக்கொண்டு நின்றாள். என்னைப் பார்த்ததும், "இன்னைக்குப் பதினாலு ஆளுண்ணே, எழுதிக்கங்க" என்றாள். எழுதிக்கொண்டேன். வேலை முடிகிறவரை அங்கேயே ஒரு கல்லில் உட்கார்ந்திருந்தேன்.

ஆட்கள் கரையேறியதும் அவளோடு வீட்டுக்குப் போனேன். அடுப்பில் பாலை வைத்தாள். உன் அப்பாவுக்கு ஆற்றிக் கொடுத்தாள். பிறகு என்னிடம், "அந்தக் காகிதம் ஒங்ககிட்டத்தான இருக்கு? தலைவரும் ஊர்லதான இருக்காரு? வரப்புல விழுந்தாரே, அன்னைக்கே எனக்குத் தெரியும்" என்றாள். மறுநாள் காலையில் கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு தடவை தன் கையெழுத்தை உற்றுப் பார்த்துவிட்டு அடுப்பில் வைத்தாள். "அவுகளுக்குச் சொன்ன சொல்லுக்காகத்தான் போட்டேன். இனிமே அது வேணாம்" என்றாள். நான் உனக்கு எழுதிக் கேட்ட அனுமதி இனி தேவையில்லை. எழுதாதே.

அதற்குப் பிறகு, தாளை எடுங்கள், கடிதம் எழுத வேண்டும் என்றாள். ஒன்பது வருசத்தையும் கொட்டப்போகிறாள், ஒரு தாள் பற்றாது என்று நினைத்து மூன்று தாள் எடுத்து வைத்தேன். இனி எழுதுவது அவள் சொல்லியது.

மாமாவுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. அவரைப் பற்றி யோசனை வேண்டாம், கடைசிவரை நான் பார்த்துக்கொள்வேன். கன்று நன்றாக இருக்கிறது. கிணறு முப்பத்திரண்டு அடியில் ஊற்றுக் கண்டது, போன வெள்ளிக்கிழமை. கீழத்தெருவில் எல்லோரும் ஒரு சொம்பு குடித்துப் பார்த்தார்கள், உப்பு இல்லை. நீங்கள் இனி மணியார்டர் அனுப்ப வேண்டாம். பால் காசும் கடலைக் காசும் போதும், அங்கே செலவு இருக்கும்.

இதோடு நிறுத்திவிட்டாள். நானும் மை காயட்டும் என்று காத்திருந்தேன். எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்தாள். கையைத் துடைத்துக்கொண்டு, "இன்னம் ஒண்ணு எழுதணும்ணே" என்றாள். அதை அவள் சொன்ன மாதிரியே எழுதுகிறேன், ஒரு சொல்லும் மாற்றவில்லை.

"அங்கிட்டு ஓயாம மழையாம்ல, பிச்சை சொல்லுச்சு. மழைத்தண்ணி எங்க எப்புடிக் கலக்கும்னு தெரியாது. பிள்ளைக்குப் பச்சத்தண்ணி குடுக்க வேணாம். காய்ச்சி ஆறவச்சுக் குடுக்கச் சொல்லி அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லுங்க. பையன் நோய்நொடி இல்லாம நல்லா இருக்கட்டும்."

அவள் சொன்னபடி செய், நாகராசு.

குழந்தைசாமி